மூச்சை ஆஃப் பண்ணச் சொன்ன மேடம்

நண்பர்களே, இன்று காலை நான் போட்ட சத்தத்தில் எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் கொதித்திருக்கும். ஆண்டர்சன்பேட்டையில் யார் வீட்டுக் கண்ணாடியாவது உடைந்திருந்தால் அதுவும் என் வேலைதான்.

என் தங்கை மகள் ஸ்டெல்லாவுக்குத் தசை நலிவு நோய். மூச்சு விட உதவும் மெஷினை மூக்கில் மாட்டியபடிதான் நாள் முழுக்க இருக்கிறாள். இன்று அதே நோயுள்ளவர்களுக்கு ஆன்லைனில் ஆலோசனைக் கூட்டம். தோழி கல்யாணத்துக்கு இந்த மெஷினோடு சென்னைக்கு ரயிலில் போகலாமா என்று கேட்கக் காத்திருந்தாள்.

அவள் பேச ஆரம்பித்ததுமே கூட்டத்தை நடத்திய அம்மையார் குறுக்கிட்டார்.

"ஏதோ மெஷின் சத்தம் கேக்குதும்மா. ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க."

நான் போனுக்குள் பாய்ந்தேன். "இன்னா மேடம் பேசுறீங்க? காத்து இல்லாம யாராச்சும் சுரங்க ஷாஃப்ட்ல ஆளை இறக்குவாங்களா?"

"சும்மா இருங்க மாமா," என்றாள் ஸ்டெல்லா. "ஆஃப் பண்ணிடலாம் மேடம். அப்புறம் கேள்வி கேக்க ஆள் இருக்காது, பரவால்லயா?"

பதறிய அம்மையார் ஸ்டெல்லாவின் மைக்கையே அணைத்துவிட்டார்! மன்னிப்புக்கூட இல்லை.

ஸ்டெல்லா தன் கேள்வியைச் சாட்டில் எழுதிப் போட்டாள். அப்போது கூட்டத்திலிருந்த ஹாசன் ஊர்க்காரர் ஒருவர் தன் மைக்கைத் திறந்தார். அவர் மெஷினும் உஸ்ஸென்றது.

"நான் மெஷினோட ரயில்ல போயிருக்கேம்மா. ஸ்பேர் பேட்டரி எடுத்துக்கோ, தைரியமா போ."

ஸ்டெல்லா இப்போது புடவை தேர்ந்தெடுக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மையார் மூச்சு விட்டால், "சத்தம் வருது, ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லப்போகிறேன். என்னோடு யார் யார் வருகிறீர்கள்?