கறுப்பின் மேல் பூசிய கறுப்பு

சுவிஸ் நாட்டின் சோலோதுர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பாளராக இருக்கிறேன். இந்த வருடம் ஃபாஸ்நாக்ட் என்ற மாறுவேடத் திருவிழாவுக்குப் பணியாளர்கள் எல்லோரும் பழைய அமெரிக்க மேடைக் கலைஞர்களைப் போல வேடமிடுவது என்று முடிவானது. எனக்குக் கிடைத்தது முகமெல்லாம் கறுப்பும் உதட்டைச் சுற்றி வெள்ளையும் பூசிய கோமாளி வேடம்.

"அண்ணை, உங்கட நிறத்துக்குக் கொஞ்சம் பூசினாலே காணும்," என்று கூட வேலை செய்யும் மலர் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மண்டபத்தில் நான் ஆட, முதியவர்கள் கைதட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஜோசப் மட்டும் தட்டவில்லை. அவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இளவயதில் ட்ரம்பெட் வாசிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"என்னை அறைக்குக் கொண்டுபோங்கோ," என்று ஜெர்மனில் சொன்னார்.

அறைக்குள் போனதும் என்னைப் பார்த்தார். "என் அப்பாவும் மேடையில் ஆடினவர். கறுப்பர்தான். ஆனாலும் முகத்தில் கறுப்பு மை பூசினால்தான் ஆட விட்டார்கள். பார்க்க வந்த வெள்ளைக்காரர் சிரிக்க வேண்டுமே. உங்களை யார் பூசச் சொன்னது?"

ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அவருடைய குளியலறையில் முகத்தைக் கழுவினேன். வெட்கமோ கோபமோ வரவில்லை. முகம் மரத்துப்போயிருந்தது. துவாயால் துடைத்துக்கொண்டே அவர் முன்னால் வந்தேன்.

"காதுக்குப் பின்னால் இன்னும் இருக்கு," என்று அவரே துவாயை வாங்கித் துடைத்துவிட்டார்.

இந்த நாட்டில் இதுவரை எத்தனை பகிடிகளுக்கு இப்படிச் சேர்ந்து சிரித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கணக்குத் தெரியவில்லை.