கறுப்பில் மறைந்த வரி

தொண்ணூறுகளின் கடைசியில் மேலப்பாளையத்தில் ஈமெயில் அனுப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் மெயில் புரோகிராம். பதில் வரும்போது நாம் அனுப்பிய பழைய வரிகளும் கூடவே வந்து இடத்தை அடைக்கும். எரிச்சலில் அவற்றுக்கும் கறுப்பு நிறமே வைத்துவிட்டேன். புது வரிகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மைமூன் அக்காவின் மாமியார் சாகக் கிடந்தார். "எப்ப வருவீங்க? உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று துபாயிலிருந்த தன் கணவருக்கு அனுப்பச் சொன்னார் அக்கா. மறுநாளே பதில் வந்தது.

"சலாம் மட்டுந்தான் இருக்குக்கா."

"வேற ஒண்ணும் எழுதலியா தம்பி?"

"இல்லக்கா."

மாமியாரை அடக்கம் செய்த மறுநாள் மகன் வந்து இறங்கினார். நேரே கடைக்கு வந்தார்.

"நான் வாரேன்னு எழுதினது வரலியா தம்பி?"

நிறத்தை மாற்றினேன். அக்காவின் கேள்வியை ஒட்டி அதே வரியில் பதில் இருந்தது: "வெள்ளிக்கிழமை வாரேன், உம்மாகிட்ட சொல்லு." பழைய வரியோடு சேர்ந்து அதுவும் மறைந்திருக்கிறது.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது.

"வரல பாய்" என்றேன்.

"மிஷின் கோளாறுக்கு நீ என்ன செய்வ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போதும் தெருவில் அவரைப் பார்த்தால் நான்தான் முதலில் சலாம் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.