பதினொன்றில் அடங்காத எண்

பொத்தான் தொழிற்சாலையில் அவளுக்குக் கழித்தலக்கா என்று பெயர். பேருந்துச் சீட்டோ கதவிலக்கமோ, எந்த எண்ணைக் கண்டாலும் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, கிடைக்கும் இரண்டு தொகைகளையும் கழித்துப் பார்ப்பாள். பூஜ்யமோ பதினொன்றோ வந்தால் அந்த எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"என் போன் நம்பரையே மாத்தச் சொல்றா, மூணு மீதி வருதாம்" என்று கணவன் சொல்லித் திரிந்தான்.

பழக்கம் வேலையில் வந்தது. அட்டைக்குப் பத்துப் பொத்தான், உபரியாக ஒன்று. பத்தொன்பது வருஷமாக அவள் கையில் பதினொன்று பதினொன்றாகவே உலகம் ஓடியது.

அதே மேசையில் அவள் ஓரகத்தியும் அட்டை தைத்தாள். ஒரு வாளி யாருடையது என்ற தகராறில் இருவருக்கும் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. ஒருநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஓரகத்தியின் பெயர் தொங்கியது. பதிவேட்டில் 7,83,562 பொத்தான், கிடங்கில் 7,38,562. கிடங்கைக் கடைசியாகப் பூட்டியவள் அவள். ஆகவே திருடி, ஆகவே வேலை நீக்கம். விசாரணை கிடையாது. நாற்பத்தைந்தாயிரம் பொத்தானை எந்த மடியில் கட்டிக்கொண்டு போனாள் என்று கேட்கக்கூட ஆளில்லை.

கழித்தலக்கா பலகையைப் படித்தாள், விரலை மடக்கினாள், நேரே மேலாளர் அறைக்குள் போனாள்.

"பதிவேட்டு எண்ணைக் கூட்டிப் பாரும்மா" என்றார் அவர். "முப்பத்தொண்ணு. மூணும் ஒண்ணும் நாலு. நாலு வந்தா களவுன்னு என் எண் ஜோசியர் அன்னிக்கே சொன்னார்."

"கிடங்குக் கணக்கையும் கூட்டுங்க சார்."

கூட்டினார். "அதுவும் நாலுதான்."

"அப்ப கிடங்கும் திருடிச்சா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"உதிரிப் பொத்தான் பதிவேட்டுல ஏறாது, அட்டைதான் ஏறும். அப்ப மொத்தம் பதினொண்ணுல அடங்கணும். கிடங்கு எண்ணுல இருபத்தொண்ணும் பத்தும். கழிச்சா பதினொண்ணு, சரி. உங்க எண்ணுல பதினாறும் பதினஞ்சும். ஒண்ணு இடிக்குது. அப்படி ஒரு எண்ணிக்கை இந்தத் தொழிற்சாலையில பொறக்கவே முடியாது சார். எங்க மேசையில எண்ணி எழுதிக் குடுத்த சீட்டை எடுங்க."

சீட்டில் 7,38,562 என்றே இருந்தது. பதிவேட்டில் ஏற்றும்போது மூன்றையும் எட்டையும் இடம் மாற்றியது மேலாளரின் கை.

"சரி, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு."

"திருடின்னு எல்லாரும் பாக்க ஒட்டினீங்க. தப்பு உங்களோடதுன்னு அதே பலகையில ஒட்டுங்க. அதுக்கப்புறம் வருவா."

ஒட்டினார், பொடி எழுத்தில். கூலிக்காரியின் கை தவறினால் களவு, மேலாளரின் கை தவறினால் எழுத்துப் பிழை; அதை ஒப்புக்கொள்ளவும் ஒருத்தி கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் குழாயடியில் ஓரகத்தி வந்து நின்றாள்.

"எனக்காகவா பேசினீங்கக்கா?"

"உனக்காக யாரு பேசினது? பதினொண்ணுக்காகப் பேசினேன்."

"அப்ப வாளி?"

"வாளி என்னோடதுதான்" என்றாள் கழித்தலக்கா, அதில் தண்ணீர் பிடித்து ஓரகத்தியின் வாசலில் கொண்டுபோய் வைத்தபடி.