தூங்கவிடாமல் ஒரு பயணம்: வெள்ளிமலை முதல் கள்ளக்குறிச்சி வரை

போன சனிக்கிழமை என் மகள் மெர்சியைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். ஊர் சுற்ற அல்ல, இ.இ.ஜி. எடுக்க. தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடுகளாகக் காட்டும் சோதனை. ஏழு வயதுக்காரி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பாள். பத்து விநாடிதான். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். கூப்பிட்டும் திரும்பவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை அடித்தும்விட்டார். “நடிக்கிறா” என்பது அவர் முடிவு. இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் எதைக் காட்டி நிரூபிப்பது?

தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, சோதனைக்கு முன் தூங்கவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பாதி ராத்திரியில் எழுப்பி உட்காரவைத்த பிள்ளை, காலை ஆறு மணிப் பேருந்தில் முதல் வளைவிலேயே சாய்ந்தாள். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். ஆனால் அந்தத் தாலாட்டும் வளைவுகள் இருக்கிறதே! கிள்ளினேன், தண்ணீர் தெளித்தேன்.

“இன்னாம்மா, கொழந்தைய கிள்ளிக்கினே வர? தூங்கட்டுமே,” என்றார் சாமை மூட்டையோடு வந்த அம்மா. விஷயத்தைச் சொன்னதும் பேருந்தே பொறுப்பெடுத்துக்கொண்டது. நடத்துனர் பையிலிருந்து இன்னொரு விசிலை எடுத்துக் கொடுத்தார். “இன்னிக்கி நீதான் பாப்பா கண்டக்டரு.”

வளைவுக்கு வளைவு ஊதித் தள்ளினாள். “யோவ், நிக்கவா போவவா?” என்று ஓட்டுநர் கத்தினார். அப்புறம் சட்டென்று சத்தம் நின்றது. வாயில் விசில், கண் எங்கோ.

“அய்ய, கண்ண தொறந்துக்கினே தூங்குது!” என்றார் சாமை மூட்டை அம்மா.

“தூங்கலீங்க. இதுக்குத்தான் போய்க்கினு இருக்கோம்.”

மறுபடி விசில் அடித்தது. அதன் பிறகு நடத்துனர் அவளை ஊதச் சொல்லவில்லை.

பத்து மணிக்குத்தான் சோதனை. அதுவரை பேருந்து நிலையத்தை எத்தனை முறை சுற்றினேனோ, மெர்சியே சலித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பிகளை ஒட்டியதும் தூங்கினாள், கோடுகள் ஒழுங்காக ஓடின. எழுப்பி, கண்ணெதிரே விளக்கை மின்ன மின்ன அடித்தார்கள். ஒன்றுமில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். இன்றைக்கென்று எதுவும் வராவிட்டால், அவள் நடிக்கிறாள் என்பதே நிலைத்துவிடும்.

“ஏதாவது தெரியுதாங்க?”

“மொதல்ல நீங்க ஒக்காருங்கம்மா,” என்றார் சோதனை எடுத்த பெண்.

விசில் கதையைச் சொன்னேன். “அதாங்க அடுத்தது,” என்று காகிதக் காற்றாடி ஒன்றை நீட்டினார். வேகமாக மூச்சு விட்டால் சில குழந்தைகளுக்கு இது வருமாம்.

மெர்சி ஊதினாள். காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகி நின்றது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தன. “மெர்சி! மெர்சி!” என்று அந்தப் பெண் கூப்பிட்டார். பதில் இல்லை. கோடுகள் அடங்கின. காற்றாடி மறுபடி சுற்றியது.

நான் அழுதேன். பிள்ளைக்குக் கோளாறு இருக்கிறது என்று தெரிந்து நிம்மதியில் அழுதேன். டாக்டர் மாத்திரை எழுதினார், கட்டுப்படுத்தலாம் என்றார்.

போகிறவர்களுக்கு: முந்தின நாளே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுங்கள். மலைப் பேருந்தில் தனியாகப் போராடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஊதச் சொல்லிச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

திரும்பும்போதும் அதே நடத்துனர். என் மடியில் தூங்கியவளைப் பார்த்துவிட்டு, மலை ஏறும்வரை விசிலை எடுக்காமல் கம்பியைத் தட்டியே வண்டியை நிறுத்தினார். வெள்ளிமலையில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன்.

“அன்னிக்கி நான் கூப்ட்டது அவளுக்குக் கேக்கவே இல்லியா?”

“இல்லீங்க.”

கைநீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வீடு வரை தூங்குகிறவளை மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.