வெறும் வயிற்றோடு

போன செவ்வாய்க்கிழமை காலையில் காளியப்பனின் மனைவி போன் செய்தார். "அவரு போய்ட்டாருங்க" என்றார். அவனோடு விமானப்படைப் பயிற்சியில் இருந்த நண்பர்களே, நம்மில் அவன் முந்திக்கொள்வான் என்று யார் நினைத்தோம்?

எழுபதுகளின் கடைசியில் நம் வகுப்பில் ஒரே மாவட்டத்துக்காரர்கள் நாங்கள் இருவர்தான். நான் கணியம்பாடி, அவன் மேலே ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. ஊர்க்காரன் என்று ஒட்டிக்கொண்டோம்.

முதல் நாள் விமானம் ஒரு வளைவு வளைந்ததுமே வாந்தி எடுத்துவிட்டான். அடுத்தடுத்த நாட்களும் அதே கதை. இறங்கியதும் வாளித் தண்ணீரோடு போய் இருக்கையைத் தானே கழுவுவான், வேறு யாரையும் தொடவிட மாட்டான். நாம் கிண்டல் செய்தோம், அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் விடுமுறை முடிந்து வந்தும் இப்படியே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயிற்சி அதிகாரி சொன்ன அன்று அவன் சிரிக்கவில்லை. "மலை ஆளுங்கன்னா இப்படித்தான்னு சொல்லிடுவாங்கடா. எனக்கு அப்புறம் எங்க ஊருல எவனும் வர முடியாது" என்றான்.

விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் உச்சியில் இருக்கும் அவர்கள் சாமியைப் பார்க்கக் கிளம்பினோம். சாப்பிட்டுவிட்டு அந்த மலையில் ஏறக் கூடாதாம், இறங்கி வந்துதான் சாப்பாடாம். பாதி வழியில் பசி தாங்காமல் நான் முணுமுணுத்தேன். "இதுக்கேவா? நான் பறக்கற நாள்லாம் இப்படித்தானே போறேன்" என்றான்.

அடப்பாவி! சாமிக்கும் மேலே பறக்கிறோம், வயிற்றை நிரப்பிக்கொண்டு எப்படிப் போவது என்று பட்டினியாகவே பறந்திருக்கிறான். வெறும் வயிறு புரட்டாமல் என்ன செய்யும்? காலையில் "எனக்கு வேணாம், நீ துன்னுடா" என்று அவன் தள்ளிய தட்டில் இருந்த முட்டையையெல்லாம் நான்தான் தின்று தீர்த்திருக்கிறேன்.

இனி சாப்பிட்டுவிட்டுப் பற என்று எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. இறங்கி வந்து அவன் அம்மாவிடம் சொன்னேன். களி கிளறிக்கொண்டிருந்தவர் துடுப்பை ஓரமாக வைத்தார். பிறகு மகனைப் பார்த்து, "சாமி நம்ம மலையில கீது. ஆகாசத்துல இன்னா கீது? துன்னுட்டுப் போடா" என்றார்.

விடுமுறைக்குப் பின் அவன் பறந்து இறங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். வாளிப் பக்கமே போகவில்லை. அதற்கப்புறம் எத்தனை வருடம் பறந்தான்! ஒரு நாளும் சாப்பிடாமல் விமானம் ஏறியதில்லை. அவனுக்குப் பிறகு அவன் ஊரிலிருந்து இன்னொருவனும் வந்தான்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடைசி இரண்டு நாளும் கஞ்சியைக்கூட வேண்டாம் என்றானாம். இவர் கெஞ்சியதற்கு, "அம்மா சொன்னது ஆகாசத்துக்கு. இப்ப சாமிகிட்ட போறேன், வேணாம்" என்றானாம். "இன்னாத்துக்குங்க அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னேன். இருவரும் அழுதோம்.

எனக்கென்று மிச்சம் இருப்பது அவன் என் பக்கம் தள்ளிய அந்தத் தட்டுதான். அடக்கம் முடிந்த அன்று அவன் வீட்டில் எனக்குக் களி போட்டு வைத்தார்கள். "நீ துன்னுடா" என்று சொல்ல அவன் இல்லை. ஒரு வாய்கூட இறங்கவில்லை.