கரடியும் முயலும் கடற்கரையில் நின்ற மதியம்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு புதன்கிழமை மதியம், கொடைக்கானலில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

நான் பஸ் டிரைவர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, கவுஞ்சி வழியாகக் கிளாவரைக்குப் போகிற பஸ்ஸைப் பல வருஷமாக ஓட்டுகிறேன். மனைவி இங்கேயே ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். எங்களுக்கு ஒரே மகள். நர்ஸிங் படித்தாள், கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு அயர்லாந்துக்குப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை.

அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்தவள், ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டிவிட்டாள். கார்ட்டூன் மிருகங்கள் குட்டிக் குட்டி கார்களில் உட்கார்ந்து ரேஸ் ஓட்டுகிற கேம். தவளை, ஆடு, நரி என்று ஒரு கூட்டமே இருந்தது. நான் கரடியை எடுத்துக்கொண்டேன். அவள் முயல்.

“மலைரோட்டுல பஸ் ஓட்டுற ஆளு, நீங்கதான்ப்பா ஜெயிப்பீங்க” என்றாள். நான்தான் எப்போதும் கடைசி. வளைவு வந்தால் என் விரல் தானாக பிரேக்குக்குப் போய்விடும். பின்னால் ஒரு தவளை வேகமாக வந்தால் ஒதுங்கி வழி விடுவேன். ஹாரன் எங்கே என்று தேடுவேன். பனிமலை ரேஸில் குறுக்கே ஒரு காட்டெருமை வரும். நான் வண்டியை நிறுத்திவிட்டு அது போகட்டும் என்று காத்திருந்தேன். தினமும் ரோட்டில் காட்டெருமைக்கு வழி விடுகிற கொடைக்கானல்காரன் வேறு என்ன செய்வான்? மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்பா, அதுகூடத்தான் நாம ரேஸ் ஓட்டணும். நீங்க வருவீங்கன்னுதான் அது நின்னுட்டிருக்கு” என்றாள்.

அந்த கேமில் ரேஸ் இல்லாமல் இன்னொரு பகுதியும் உண்டு. அட்வெஞ்சர் மோட் என்று பேர். ஒரு பெரிய தீவு. அதில் ஒரு பக்கம் பனிமலை, ஒரு பக்கம் காடு, நடுவில் ஒரு ஏரி, கடைசியில் கடற்கரை. ரேஸில் ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொரு கதவாகத் திறக்கும். ஜெயிக்க இஷ்டமில்லையென்றால் சும்மா சுற்றிக்கொண்டும் இருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இன்டர்நெட் வழியாக இரண்டு பேரும் சேர்ந்தே அந்தத் தீவைச் சுற்ற முடிந்தது. புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவளும் அன்றைக்கே லீவு வருகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டாள். இங்கே மதியம், அங்கே காலை. மனைவி பள்ளியில் இருப்பாள். நான் சாப்பிட்டு முடித்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி உட்காருவேன். டிவியில் ஒரு முயல் வந்து என் கரடியைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கும். அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சித்திரையில் நல்ல செய்தி சொன்னாள். வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவி மறுநாளே போய் மஞ்சள் உல்லன் நூல் வாங்கிவந்து பின்ன ஆரம்பித்தாள். முயலை ஓட்டிக்கொண்டே மகள், “அப்பா, உங்க பேரப்பிள்ளை உதைக்குது. நீங்க பிரேக் போடுறது அதுக்குப் பிடிக்கல போல” என்பாள்.

ஆடி பிறந்ததும் அவள் கேமுக்கு வருவது நின்றது. முதல் வாரம் டூட்டி மாறிவிட்டது என்றாள். அடுத்த வாரம் அசதி என்றாள். ஆனால் அம்மாவோடு தினமும் வீடியோவில் பேசினாள். பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை மூடிக்கொண்டு, சிரித்துப் பேசினாள். நானும் எட்டிப் பார்த்துக் கை காட்டுவேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் மேகம் இறங்கி எதிர் வீடு தெரியவில்லை. ஜன்னல் சந்து வழியாக மேகம் உள்ளே வந்து, டிவி வெளிச்சத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் தனியாகக் கரடியை ஏரிக்கரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று முயல் வந்தது. வழக்கமான வட்டம் அடிக்கவில்லை. என் பின்னால் வந்து நின்றது.

“வந்துட்டியா தாயி? ரேஸ் போவமா?”

“வேண்டாம்ப்பா. சும்மா சுத்துவோம். நீங்க முன்னாடி போங்க.”

போனேன். ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் போனேன். முயல் பின்னாலேயே வந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பனிமலை ஏறத் தொடங்கினோம். அங்கேயும் பொய்ப்பனி பெய்துகொண்டிருந்தது. டிவிக்குள் இருப்பது எது, என் அறைக்குள் இருப்பது எது என்று ஒரு நிமிஷம் எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாதி மலையில் அவள் சொன்னாள். “அப்பா, பாப்பா இல்லப்பா.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கரடி போய்ப் பனிச்சுவரில் இடித்து நின்றது.

“நிறுத்தாதீங்கப்பா. ஓட்டுங்க” என்றாள். “நீங்க ஓட்டுனாத்தான் என்னால சொல்ல முடியும்.”

வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். மறுபடி மெதுவாக ஏறினேன். அவள் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரு நாள் அசைவே இல்லாமல் போனது. தன்னோடு வேலை பார்க்கிற நர்ஸே ஸ்கேன் எடுத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்தது பெண் குழந்தை. பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். பார்த்தாள்.

“வலிக்குதா தாயி?”

“இப்ப இல்லப்பா.”

“மாப்பிள்ளை?”

“பக்கத்து ரூம்ல இருக்காரு. அவருந்தான் தூங்கல. கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, நீ அப்பாகூட வெளையாடுன்னு சொல்லிட்டுப் போனாரு.”

மலை உச்சி வந்ததும், “அம்மா அந்த மஞ்சள் சட்டையத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்கப்பா. அவங்க முகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?” என்றாள். அங்கேதான் அவள் குரல் உடைந்தது.

என்னென்னவோ வாய் வரைக்கும் வந்தது. சின்ன வயசுதானே, கடவுள் குடுப்பார், மனசைத் தேத்திக்கோ. எல்லாம் யார் வீட்டிலோ நானே சொன்ன வார்த்தைகள்தான். அன்றைக்கு எதையும் சொல்லத் தோன்றவில்லை. பஸ்ஸில் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை. குழியில் இறக்காமல், வளைவில் அலுங்காமல் ஓட்டுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அன்றைக்கும் அதையே செய்தேன். எந்த வளைவிலும் முயல் பின்தங்கிவிடாதபடி அந்தக் குட்டிக் காரை அவ்வளவு பதமாக ஓட்டினேன்.

மலை இறங்கிக் கடற்கரைக்கு வந்தோம். அந்தத் தீவில் சூரியன் எப்போதும் அஸ்தமித்துக்கொண்டே இருக்கும், முழுசாக மறையாது. தண்ணீர் ஓரமாகக் கரடியை நிறுத்தினேன். முயல் வந்து பக்கத்தில் நின்றது. அவள் அழுதாள். நானும் சத்தம் வராமல் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடல் ஆரஞ்சு நிறத்தில் வந்து வந்து போனது.

கடைசியில், “அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கப்பா” என்றாள். சரி என்றேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“புள்ள சொல்லிட்டாளா?” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பத்து நாளா அவ சிரிப்புல உசுரு இல்லைங்க. பெத்தவளுக்குத் தெரியாதா? அவளா சொல்லட்டும்னு இருந்தேன். நான் அழுதா அவ இன்னும் ஒடைஞ்சு போவா. அதான் ஒண்ணும் தெரியாத மாதிரி சட்டையக் காட்டிக்கிட்டுக் கெடந்தேன்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். பத்து நாளும் ஒரே வீட்டில் என் பக்கத்தில் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை மனைவி பள்ளிக்கு லீவு போட்டாள். அதுவரை அந்த கேம் பக்கமே வராதவள், டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, “எனக்கு எந்த மிருகம்?” என்றாள். ஆட்டைக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். முயல் வந்தது. ஆடு நேராகப் போய் ஏரிக்குள் விழுந்தது. எடுத்துவிட்டால் மரத்தில் மோதியது. மறுபடி ஏரி. ஹெட்போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு மகள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட நிஜச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தேம்ப ஆரம்பித்தாள்.

“அழு கண்ணு. அம்மா எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்” என்றாள் மனைவி. கண் டிவியிலேயே இருந்தது. கை மட்டும் ஆட்டை எப்படியாவது முயலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து வெளியே வந்து வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மகள் நன்றாக இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், புதன்கிழமைகளில் வருகிறாள். அந்தக் குழந்தைக்கு அவர்கள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், அதை எங்களுக்கும் சொன்னாள். பிள்ளைகளின் துக்கத்தை நம்மால் வாங்கிக்கொள்ள முடியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது. ஆனால் அவர்கள் பேச வருகிறவரை முகத்தை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்காமல் கூடவே போய்க்கொண்டிருந்தால், சொல்ல முடியாததைக்கூட ஒரு நாள் சொல்லிவிடுகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.