ஆண்டுதோறும் தானமாகும் படகு

ஒரே படகை ஒரே ஆளுக்குப் பதினோரு முறை தானம் செய்ய முடியுமா? முடியாது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கடலூர் முதுநகர் ஆரோக்கியராஜைப் பார்த்ததில்லை.

ஆரோக்கியராஜ் மீன்பிடிப்பவர். கடலில் யாராவது கூக்குரலிட்டால், அருகில் இருப்பவர் தன் வலையை அறுத்துவிட்டு ஓட வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். வலை என்ன ஆச்சு என்று பிறகு யாரும் கேட்பதில்லை. சுனாமிக்குப் பிறகு அவர் அறுத்த வலைகளைத் தைத்துத் தைத்தே அவர் மனைவி சகாயசெல்விக்கு விரல் காய்த்துப் போனது.

இந்த வழக்கத்தைத்தான் 'அலையரசி' சொகுசுக் கப்பல் நிறுவனம் 'கூட்டுச்சேவை' என்று பெயரிட்டுத் தத்தெடுத்தது. பயணிகளிடம் நன்கொடை வாங்கி, ஆரோக்கியராஜ் தலைமையிலான மீட்புக் குழுவுக்கு, அவர் கையில், ஒரு படகும் கொடுத்தது. நல்ல படகு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விழா எடுக்க வேண்டுமே! அதற்காக ஐப்பசியில் அதே படகைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், புது வண்ணம் பூசி, ரிப்பன் கட்டி மறுபடியும் கொடுப்பார்கள். கடல் மிக மோசமாக இருக்கும் அந்த மாதம் முழுவதும் மீட்புப் படகு அலங்காரத்தில் இருக்கும்.

சென்ற ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. சிதம்பரத்தில் தரிசனம் முடித்துக் கிளம்பியவர், ராகுகாலம் கழியட்டும் என்று வழியில் ஒரு விடுதியில் உட்கார்ந்துவிட்டாராம். துறைமுகத்தில் படகு ரிப்பனோடு மிதந்தது. மீட்பதுபோல் நடித்துக் காட்டுவதற்காகப் பெட்ரோலும் நிரப்பியிருந்தார்கள்.

அப்போதுதான் முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்ததாகக் கரையிலிருந்து கத்தினார்கள். அதில் தனியாகப் போயிருந்தவன் சகாயசெல்வியின் தம்பி அமலன். அன்று விழாவுக்காக மற்றப் படகுகளையெல்லாம் ஓரங்கட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள்.

ஆரோக்கியராஜ் மீட்புப் படகில் குதித்தார். நிறுவனத்தின் மேலாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ராகுகாலம் முடிந்ததும் சார் கிளம்பிடுவாராம், ரிப்பன் வெட்டாமல் எப்படி எடுப்பது, மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று கெஞ்சினார்.

"எங்க மச்சான் தண்ணில கெடக்குறான். நீங்க ராகுகாலம் பாக்குறீங்களா?"

வலை அறுக்கும் கத்தியை எடுத்து ரிப்பனை ஒரே இழுப்பில் அறுத்தார். "வெட்டியாச்சு சார். கை தட்டுங்க."

அமலன் கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிடி நழுவும் நிலையில் இருந்தான். ஆரோக்கியராஜ் அவன் சட்டையைப் பிடித்துத்தான் தூக்கினார். உப்புத்தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மாமா, போட்டோ புடிச்சாங்களா?"

பிடிக்கவில்லை. மறுவாரம் புது ரிப்பன் கட்டி விழாவை நடத்தினார்கள். 'உயிர்காத்த உள்ளம்' என்று சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒப்படைக்கப்படாத சொத்தைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஆரோக்கியராஜுக்குக் கடிதம் வந்தது. ராகுகாலத்தில் போன ஆள் உயிரோடு திரும்பியது எப்படி என்று மட்டும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இந்த ஐப்பசியிலும் படகைக் கொட்டகைக்குக் கேட்டிருக்கிறார்கள். ஆரோக்கியராஜ் தர மறுத்துத் துறைமுகத்திலேயே கட்டிவைத்திருக்கிறார். அமலன் தினமும் அந்த முகத்துவாரத்தைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போகிறான். அந்தக் கப்பலில் நன்கொடை கொடுத்தவரா நீங்கள்? அப்படியானால் இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள்: எங்கள் பணத்தில் வாங்கிய படகு தண்ணீரிலேயே இருக்கட்டும்.